எந்தக் கூட்டத்துச் சிறுநீரகம்?

எவர்சில்வர் டம்ளர்கள் மட்டுமே புழங்கிய அந்த வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. அதில் வேறு யாரும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. காலையிலும் மாலையிலும் என் நங்கையா அதில் பாலை ஊற்றுவார். பழுப்பு நிறப் புட்டியிலிருந்து ஒரு எண்ணெய் மருந்தைச் சிறு குழாயால் அளந்து விட்டு, கரண்டியால் கலக்குவார். மீன் எண்ணெயும் கெட்டுப்போன நெய்யும் சேர்ந்தது போல ஒரு நாற்றம் சமையலறை முழுக்கப் பரவும். பிளாஸ்டிக்கில் கலந்தால் மருந்து அதிலேயே ஒட்டிக்கொண்டு உடம்புக்குப் போய்ச் சேராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நங்கையாவின் மகள் குடித்து முடித்ததும் அவர் இன்னும் கொஞ்சம் பால் விட்டு, டம்ளரை அலசி, அதையும் குடிக்க வைப்பார். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உன்ற கிட்னிய நீயே வெச்சிருந்திருக்கலாம், எனக்கு இந்தக் கருமமாவது மிச்சமாயிருக்கும்" என்பாள். "குடுத்தத நான் திருப்பிக் கேக்கறதில்ல, குடி" என்பார் நங்கையா.

எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கையா என்று அழைப்போம். என் நங்கையா சூலூரில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் மாரடைப்பில் போன பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த விசைத்தறிகளைத் தானே ஓட்டினார். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, அமைதியான இடத்திலும் அதே குரலில்தான் பேசுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் ரகசியம் சொன்னால் மாடிக்குக் கேட்கும். அவருக்கு ஒரே மகள். அவளை எல்லோரும் அம்மணி என்றே கூப்பிட்டோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். நங்கையாவின் மாமனாரும் அந்த வீட்டில்தான் இருந்தார். அவரைப் பெரியவர் என்று சொல்லிக்கொள்கிறேன். நங்கையா இறந்து ஒரு வருடம் ஆகிறது. மகளுக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவருடைய வீம்பு, அதனால்தான் ஆயுசு குறைந்தது என்று சொந்தக்காரர்களில் பலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். விசேஷ வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பேச்சு கட்டாயம் வந்துவிடும். நான் வாய் திறப்பதில்லை; குழந்தைக்குத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். எழுதும்போது எழுந்து போக வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்மணி பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கும். தூக்கம் அதிகம் என்று முதலில் திட்டினார்கள். பிறகு கால் வீங்கியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொஞ்ச காலம் ஓட்டலாம், அதற்குள் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். அப்போது நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. எனக்குப் பெண் பிறந்து ஆறு மாதம். நான் விலங்கியல் படித்தவள், ஆங்கிலம் வாசிப்பேன் என்பதால் ஆஸ்பத்திரிக்குத் துணை போகிற வேலை எனக்கு வந்தது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். பாதி வழியிலேயே மார் கட்டிக்கொண்டு வலிக்கும். திரும்பி வந்தால் ஆஸ்பத்திரிக் கிருமி எதையாவது கொண்டு வந்துவிட்டேனோ என்று குளித்த பிறகும் கையைக் கழுவிக்கொண்டே இருப்பேன். கழுவியது போதுமா என்று யோசிப்பேன். ரொம்பக் கழுவினால் சோப்பு வாசனைக்குக் குழந்தை பால் குடிக்காமல் போகுமோ என்றும் யோசிப்பேன். "வெசனப்படறதுக்குச் சம்பளம் குடுத்தா நீ பங்களாவே கட்டிப்போடுவ கண்ணு" என்று நங்கையா கேலி செய்வார்.

தானே கொடுப்பதாக நங்கையா முதல் நாளே சொல்லிவிட்டார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கும்; மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஜனத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டத்தார் எல்லோரும் பங்காளிகள், ஒரு வழி வந்தவர்கள், ஒரு குலதெய்வம் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பிள்ளைகள் அப்பாவின் கூட்டம். கல்யாணமாகி வரும் பெண், கணவன் வீட்டுக் கோயிலுக்குப் பொங்கல் வைத்து, அந்த வீட்டுச் சீரெல்லாம் செய்து அந்த வீட்டுக்காரியாகவே ஆகிவிடுகிறாள். ஆனால் ரத்தம் என்ற பேச்சு வந்தால் மட்டும் அவள் மறுபடியும் வேறு கூட்டத்துக்காரி. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கணக்கு இது. எனக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை. "பொண்ணு எங்க கூட்டத்துப் புள்ள. எங்க பங்காளி ரத்தம்தான் அவளுக்குச் சேரும். வேற கூட்டத்துச் சதைய உள்ள வெச்சா அது ஒட்டுமா?" என்றார் பெரியவர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தீர்மானமாகச் சொன்னார். அம்மணியின் சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அவரை டாக்டர் சேர்த்துக்கொள்ளவில்லை. உடனே பெரியவர் ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார்.

ஒரு வேன் நிறையப் பங்காளிகள் வந்து இறங்கினார்கள். துவைத்த வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு. வேனின் பின்பக்கம் ஒரு சாக்கு நிறைய இளநீர். அவர்களில் பலர் அம்மணியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பரிசோதனைக் கூடத்துப் பெண் பேனாவோடு உட்கார்ந்து, "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணுங்க?" என்று கேட்டாள். முதலில் நின்றவர், "பங்காளிங்க" என்றார்.

"பெரியப்பாவுங்களா, சித்தப்பாவுங்களா?"

அவர் பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங், நாம புள்ளைக்கு என்ன முறையாகுமுங்?" பின்னால் நின்றவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "ஒரே கோயிலுன்னு எழுதச் சொல்லுங்க, போதும்" என்றார். இன்னொருவர், ஊசி பெரிதாக இருக்குமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "கிட்னி குடுக்க வந்த மகராசன் ஊசிக்குப் பயப்படறதப் பாரு கண்ணு" என்று நங்கையா என் காதில் சொன்னது வராந்தா முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்த மனிதர் உட்பட. அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வயல் வேலையை, கடையை, தறியை விட்டுவிட்டு, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காகத் தங்கள் உடம்பில் ஒன்றை அறுத்துக் கொடுக்க வந்தவர்கள். இன்றைக்கு நங்கையாவைக் குறை சொல்கிறவர்கள் யாரும் அந்த வேனில் வரவில்லை.

டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். முன்கோபி. வரிசையைப் பார்த்துவிட்டு, "அம்மா எங்கே?" என்றார். "அம்மா வேற கூட்டமுங்க" என்றார் பெரியவர். டாக்டருக்குப் புரியவில்லை. "கூட்டமா இருந்தா வெளியில நிக்கச் சொல்லுங்க. அம்மாவைக் கூப்பிடுங்க" என்று நங்கையாவின் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். ரத்த வகை சேர்ந்தவர்களின் மாதிரிகளைத் திசுப் பொருத்தம் பார்க்க மதராஸுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்கு இன்னொரு பயம் இருந்தது. என் கணவர் அம்மணிக்குத் தாய்மாமன். யாருமே சேரவில்லையென்றால் அடுத்து அவரைத்தான் பார்ப்பார்கள். மடியில் கைக்குழந்தை, அவர் ஒருவர் சம்பாத்தியம். இப்படி நினைக்கிறேனே, இது பாவமில்லையா என்று தோன்றும். நினைக்காமல் இருந்தால் நான் என் குழந்தைக்கு என்ன தாய் என்றும் தோன்றும். அவரோ என்னிடம் சொல்லாமலேயே போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். ரத்த வகையே சேரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முடிவு வந்த அன்று நங்கையா உள்ளே, ரத்தம் சுத்தம் செய்கிற அறையில், அம்மணியின் பக்கத்தில் இருந்தார். டாக்டர் என்னையும் பெரியவரையும் உட்கார வைத்துச் சொன்னார். உடம்பிலுள்ள ஒவ்வொரு உயிரணுவின் மேலும் ஓர் அடையாளம் இருக்கிறது. இது என் வீட்டு ஆள், இது வேற்றாள் என்று உடம்பு அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. பங்காளிகளில் ஒருவருடைய அடையாளமும் அம்மணியோடு சேரவில்லை. "தெருவுல போற ஆளைக் கூப்பிட்டு வந்து பார்த்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்" என்றார். அம்மாவுடையது சரிபாதி சேருகிறது. பெரியவர் நிமிர்ந்து, "பாதிதானுங்களே" என்றார். "எந்தப் பிள்ளைக்கும் பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. உங்க மகன் உயிரோட இருந்து அவர் கொடுத்திருந்தாலும் பாதிதான் பெரியவரே. அம்மா பாதிக்கும் அப்பா பாதிக்கும் உடம்புல ஒரு வித்தியாசமும் கிடையாது."

கல்லூரியில் இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது பட்டாணிச் செடிக்கும் எலிக்கும் உரியது என்றே இருந்துவிட்டேன். நங்கையாவுக்கும் எனக்கும் வீட்டில் விட்டு வந்த என் குழந்தைக்கும் அது பொருந்தும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வெளியே வந்ததும் பெரியவர் வேப்பமரத்தடி சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தார். பிறகு, "கண்ணு, நீ படிச்ச புள்ள. நீ சொன்னா அவ நம்புவா. சேரலையாமுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு" என்றார். "மகன வாரிக் குடுத்துட்டேன். பேத்தி இப்படிக் கெடக்கறா. மருமகளையும் அறுத்து, அவளுக்கும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அந்த ஊட்டுல நான் ஒருத்தன் எதுக்குச் சாமி உக்காந்துட்டு இருக்கோணும்?" அவர் கண்கள் கலங்கியிருந்தன. கூட்டம், ரத்தம் என்றெல்லாம் அவர் பேசியதற்கு அடியில் இந்தப் பயம்தான் இருந்திருக்கிறது. வயதில் பெரியவர்கள் சொன்னால் தட்டாமல் செய்வதுதான் எனக்குப் பழக்கம். எந்தச் சேலை கட்டுவது என்றுகூட மாமியாரைக் கேட்டுக் கட்டியவள் நான். அந்த அறைக்குப் போகிற வராந்தாவில் நடந்தபோது, சொல்லிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். ஒரு உயிர் மிஞ்சட்டுமே என்று சொல்கிறவரை எப்படிக் கெட்டவர் என்பது?

கதவைத் திறந்தால், இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டிய கையை அசைக்க முடியாமல் அம்மணி படுத்திருக்க, நங்கையா அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே இருவரும் ஏதோ ஒரு பழைய கொலுசுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற நிலையிலேயே, "சேருதுங்க நங்கையா. பாதி உங்களுதுங்களாம். உங்க மாமனாரு உங்ககிட்டச் சேரலைன்னு சொல்லச் சொன்னாருங்க. நான் சொல்ல மாட்டேனுங்க" என்று மூச்சு விடாமல் சொன்னேன். நங்கையா பேன் சீப்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? பாதி நானு. இனிமே எதுத்துப் பேசுனா உன்ற பாதிய மட்டும் வெச்சுப் பேசு" என்றார். பிறகு வெளியே போய்ப் பெரியவரின் முன்னால் நின்று, ஆஸ்பத்திரியே கேட்கும் குரலில் சொன்னார்: "நீங்க பயப்படறது எனக்குத் தெரியுமுங்க மாமா. பயப்படுங்க, வேண்டாங்கல. ஆனா என்ற புள்ளைக்கு நான் வேத்தாளுன்னு மட்டும் சொல்லாதீங்க. டாக்டரே சொல்லிப்போட்டாரு." பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேண்டாம் என்று அவர் அதன் பிறகு சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் அன்று விடிவதற்கு முன்பே வந்து அதே திட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள் என்று நான் நங்கையாவுக்குச் சொல்லிப் புரிய வைக்கப் பார்த்தேன். ரத்தக் குழாயோடு ரத்தக் குழாயை இணைப்பார்கள் என்றதும், "பாவு பிணைக்கற மாதிரிங்களா?" என்று டாக்டரையே கேட்டுவிட்டார். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு கையால் முறுக்கிச் சேர்ப்பார்கள். டாக்டர் அதைப் பற்றி விசாரித்துக் கேட்டுவிட்டு, "அத்தனை இழை எங்களுக்கு இல்லைம்மா. ஆனா எங்க தறி நின்னா மறுபடி ஓடாது" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நங்கையாவின் சிறுநீரகம் அம்மணியின் உடம்பில் ஆபரேஷன் மேசையிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சில வாரங்களில் அம்மணிக்குக் காய்ச்சல் வந்தது. ஆபரேஷன் செய்த இடம் கனத்து வலித்தது. சிறுநீர் குறைந்தது. அம்மணியின் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை வேற்றாள் என்று தள்ளப் பார்க்கிறது என்றார் டாக்டர். அந்தச் செய்தி சூலூரிலிருந்து காரமடைவரை எங்கள் சொந்தத்தில் எப்படித்தான் பரவியதோ! பார்க்க வந்தவர்கள் ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வைத்துவிட்டு, "அப்பவே பெரியவரு சொன்னாரு. கூட்டம் வேறன்னா உடம்பு ஒத்துக்குமா?" என்றார்கள். வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்த நங்கையா அவர்களைப் பார்த்து, "நானும் அவளும் ஒரே ஊட்டுல இத்தன வருசமாச் சண்டை போடறவங்கதானுங்க. கிட்னி மட்டும் போன ஒடனே மூலையில கைகட்டி உக்காந்துக்குமா? அடிச்சுக்கட்டும். அப்பறம் சேந்துக்கும்" என்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான் இருந்தது. சேருகிறது என்று சொன்னவள் நான்தானே.

அந்த நாட்களில்தான் டாக்டர் நாய்க் கதையைச் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வீட்டு வாசலில் நிற்கிற ஒரு நல்ல காவல் நாய் மாதிரி. வேற்று வாசனை வந்தால் பாயும். டாக்டர்கள் கொடுக்கிற மருந்து அந்த நாயைக் கட்டிப் போடுகிற சங்கிலி. ஆனால் கட்டிப் போட்ட நாய் திருடன் வந்தாலும் பாயாது. அதனால் மருந்து உள்ளவரை சளியும் காய்ச்சலும்கூட அவளுக்கு ஆபத்துதான். பெரிய ஊசி மருந்துகளைக் கொடுத்து அந்தத் தடவை நாயை அடக்கினார்கள். சிறுநீர் மறுபடி பெருகியது. டாக்டர் நங்கையாவிடம், "இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. இவ உங்க வயித்துல இருந்தப்போ பாதி உங்க வீட்டுக்காரர்தானே. உங்க உடம்புக்கு அவ பாதி வேத்தாள். பத்து மாசம் உங்க நாய் ஒரு தடவை கூடக் குரைக்கலை. அது எப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது" என்றார். அன்று வீட்டுக்குப் போய், குழந்தைக்குப் பால் கொடுத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி என் கணவரின் கூட்டம், பாதி நான். எந்த இடத்தில் என் பாதி முடிகிறது என்று அந்த முகத்தில் யாராலும் கோடு போட முடியாது. கழுத்து நிற்குமா, எடை ஏறுமா என்று எதற்கெல்லாமோ பயந்த நான், பத்து மாதம் என் உடம்பு இந்தப் பெண்ணைத் தள்ளிவிடுமோ என்று மட்டும் பயந்ததே இல்லை. என் உடம்பு என்னைவிடத் துணிச்சலாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு நல்ல வருடங்கள் வந்தன. அம்மணி விட்ட படிப்பை முடித்து, கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். எண்ணெய் மருந்து போய்க் குளிகையாக வந்தது. நங்கையா தறிகளை ஓட்டினார், மகளோடு சண்டை போட்டார், டி.வி.எஸ். ஃபிப்டியில் நூல் கடைக்குப் போய் வந்தார். அப்படிப் போய் வரும்போதுதான் திருச்சி ரோட்டில் ஒரு லாரி மோதியது. சாவு வீட்டில் ஒரு பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒத்தக் கிட்னியோட இருந்த ஒடம்பு. ரெண்டும் இருந்திருந்தாத் தாங்கியிருப்பா" என்றார். லாரியை! நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே நம்பிச் சொன்னார். இன்னொருவர் அம்மணியைக் கட்டிக்கொண்டு, "உங்கம்மா எங்கயும் போகல கண்ணு, உனக்குள்ளதான் இருக்கறா" என்று அழுதார். அம்மணி மெல்ல அவர் கையை எடுத்துவிட்டாள். "அது எங்கம்மா இல்லீங்க, கிட்னி. தெனமும் மாத்திர போட்டு அதுகூடச் சண்டை வராமப் பாத்துக்கறேன். எங்கம்மாகூட நான் ஒரு நாளும் அப்படிப் பாத்துக்கிட்டதில்லீங்க" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் முதன்முதலாக அழுதாள்.

இப்போது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வார இதழின் அறிவியல் பக்கத்தில், வெளிநாட்டு ஆய்வகங்களில் உடல் திசுக்களைக் கிண்ணத்தில் வளர்க்கிறார்கள் என்று வந்திருந்தது. உயிரணுவின் மேலுள்ள அந்த அடையாளத்தை உண்டாக்குகிற மரபணுவையே நீக்கிவிட்டால், எந்த உடம்பும் அந்தத் திசுவை வேற்றாள் என்று தள்ளாது. எலிகளில் முயன்று பார்க்கிறார்கள் என்றும் இருந்தது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, அடுத்த பரிசோதனைக்கு அம்மணியோடு போனபோது டாக்டரிடம் காட்டினேன். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை. "நாயைக் கட்டறதுக்குப் பதிலா, வர்ற ஆளோட வாசனையை எடுத்துடறாங்க. நல்ல யோசனைதான். ஆனா வாசனையே இல்லாத ஆள்மேல சந்தேகப்படற இன்னொரு நாயும் உடம்புல இருக்கே, அதுக்கு என்ன செய்யப் போறாங்களாம்?" என்றார். பிறகு கோப்பை மூடிக்கொண்டே, எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இந்தச் சிறுநீரகமும் ஒரு காலத்தில் களைத்துவிடும் என்றார். அது எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது. அம்மா இன்னொரு முறை கொடுக்க முடியாது என்பதை அவர் சொல்லவில்லை.

சூலூர் வீட்டுக்கு வந்ததும் பெரியவர் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். காது மந்தமாகிவிட்டதால் அம்மணி தன் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அது எந்தக் கூட்டத்துச் சதையா இருக்கும்?" என்றார்.

"எந்தக் கூட்டமும் இல்லீங்க அப்பாரு. கூட்டத்துக்கு அடையாளம் ஒண்ணு இருக்குதில்லீங்க, அத அழிச்சுப்போடுவாங்களாம்."

"கூட்டமே இல்லாத சதையா?" பெரியவருக்கு அது அருவருப்பாக இருந்தது தெரிந்தது. "அத எப்படி ஒருத்தரு ஒடம்புல வெக்கறது?"

"கூட்டம் இல்லாததுனாலதானுங்க யாரு ஒடம்புல வெச்சாலும் சேரும். வேன்ல வந்தாங்களே உங்க பங்காளிக, அவிய யாரும் எனக்குச் சேரலீங்களே. வேற கோயில் கும்பிட்டு வளந்த எங்கம்மா பாதி சேந்தாங்க. ஒரு கோயிலும் கும்பிடாத கிண்ணத்துச் சதை முழுசாச் சேந்துட்டுப் போகட்டுமுங்க. வந்தா நான்தான் மொத ஆளாப் போயி நிப்பேன்."

பெரியவர் தறிக் கொட்டகைப் பக்கம் திரும்பினார். "அது வர்ற வரைக்கும் உங்கம்மாளது தாங்குமா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அதை அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. "தாங்க வெப்பேனுங்க" என்றாள் அம்மணி. ஏதோ தேர்வுக்குப் படித்துவிடுவேன் என்பது போலச் சொன்னாள். அவளை இனிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம், கூட்டத்தில் போனால் ஏதாவது ஒட்டிக்கொள்ளும், இருக்கிறவரை வீட்டில் இருக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் பெரியவரிடம் ஓதிக்கொண்டிருந்த சமயம் அது. இருக்கிறவரை என்ற அந்த வார்த்தையை நான் வெறுக்கிறேன். என் மகளையோ என்னையோ பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாங்களும் இருக்கிறவரைதான் இருக்கப் போகிறோம். அன்று நானே வாயைத் திறந்தேன். "மாமா, அவ காலேஜுக்குப் போகட்டுமுங்க. போக வேண்டாம்னு சொல்றவங்களை எங்கிட்ட அனுப்புங்க" என்றேன். அப்படி ஒருவரும் இன்னும் என்னிடம் வரவில்லை.

போன வாரம், மாமியாரிடம் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தைக் கொடுத்து, அம்மணிக்குச் சேருமா என்று பார்த்தேன். வகை சேருகிறது. மற்றப் பொருத்தமெல்லாம் பிறகு பார்க்க வேண்டும். ரத்த உறவு இல்லாததால் அதற்கென்று ஒரு குழுவின் முன்னால் போய் நின்று அனுமதி வாங்க வேண்டும் என்றார் டாக்டர். இப்போது தேவையே இல்லாத ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று எரிந்து விழுந்தார். எனக்கும் தெரியவில்லை. வீடு வந்து சேர்வதற்குள், எனக்கு ஏதாவது ஆனால் மகளை யார் பார்ப்பார்கள் என்பதில் தொடங்கி, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் என்பதுவரை எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன். மறுநாள் கல்லூரி விட்டு வந்த அம்மணியிடம் மட்டும் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் சிரித்தாள்.

"ஏனுங் அத்தை, பாப்பாவுக்குத் தும்மல் வந்தாலே மூணு டாக்டரப் பாக்கறவங்க நீங்க. நீங்களா குடுக்கப் போறீங்க? பயந்தே செத்துப்போவீங்க."

"பயந்துட்டேதான் குடுப்பேன், போ" என்றேன்.